பாடித் தீராத துயரம்

மாணவன் ஒருவன் எழுதிய விடைத்தாளுக்கு நூற்றுக்கு 87 மதிப்பெண் வழங்கிய ஒரு பள்ளி, ஏழு ஆண்டுகள் சென்றபின் அதே விடைத்தாளை மீண்டும் எடுத்து, அதில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, நூற்றுக்கு நூறு என்று திருத்தி எழுதினால் நாம் என்ன நினைப்போம்? முதலில் திருத்தியவர் கவனமின்றித் திருத்திவிட்டார் என்போமா? அல்லது, இடைக்காலத்தில் அம்மாணவன் பெரும் புகழ் பெற்றுவிட்டான், ஆகவே பள்ளியும் தன் கணக்கைச் சரிசெய்து கொண்டது என்போமா?

இசையுலகில் இப்படியொன்று உண்மையாகவே நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டு இசைக்குழுவொன்று 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வெளியிட்ட ஒரு பாடல் தொகுப்புக்குப் பிட்ச்ஃபோர்க் என்னும் இணைய இசையிதழ் அப்போது பத்துக்கு 8.7 வழங்கியது. 2005-ஆம் ஆண்டு அத்தொகுப்பு மறுவெளியீடு கண்டபோது, அதே இதழ் வேறொரு விமர்சகரைக் கொண்டு புதிய மதிப்புரை எழுதுவித்துப் பத்துக்குப் பத்து வழங்கியது. இசைத்தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியவர்கள் கேட்டவர்களே.

அத்தொகுப்பின் பெயர் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ'. கடலின் மேல் விமானத்தில் என்று பொருள் கொள்ளலாம். குழுவின் பெயர் நியூட்ரல் மில்க் ஹோட்டல். பெயரைக் கண்டு ஏதோ பால் விற்கும் உணவு விடுதி போலும் என்று வாசகர்கள் மயங்க வேண்டா! அந்நாட்டு இளைஞர்கள் தம் இசைக்குழுக்களுக்குப் பெயரிடும் முறை நம் அறிவுக்கு எட்டாதது.

நம் குடும்ப இதழில் இதற்கு இடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பதினொரு பாடல்களும் இசைத்துண்டுகளும் கொண்ட, சுமார் 40 நிமிடமே ஓடும் இத்தொகுப்பின் நடுவே, நாசிகளின் சிறை முகாமில் மடிந்த ஒரு யூதச் சிறுமியின் நினைவு நிற்கிறது. அதன் தொடக்கத்திலேயே இயேசு கிறிஸ்துவின் திருப்பெயர் ஓங்கிய குரலில் கூவி அழைக்கப்படுகிறது. இதைப் பாடிய மனிதரோ, புகழ் வாசற்படியில் வந்து நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இம்மூன்றும் நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்கச் செய்பவை அன்றோ!

ரஸ்டன் நகரத்து நண்பர்கள்

லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்றொரு சிறிய ஊர். அங்கே 1970-இல் பிறந்தவர் ஜெஃப் மாங்கம். அவரும், ராபர்ட் ஷ்னைடர், வில் கல்லன் ஹார்ட், பில் டாஸ் ஆகிய மூவரும் பள்ளிப் பருவத்து நண்பர்கள். கைக்குக் கிடைத்த கிட்டாரையும் சிறிய ஒலிநாடாக் கருவியையும் கொண்டு, வீட்டறைகளிலேயே பாடல்களைப் பதிவு செய்து, அந்த ஒலிநாடாக்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி மகிழ்ந்தனர். பெரிய இசை நிறுவனங்களின் கண் தங்கள் மேல் படவேண்டும் என்ற ஏக்கம் அவர்களுக்கு இல்லை. தங்களுக்குத் தாங்களே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சூட்டி, அதற்கு எலிஃபண்ட் சிக்ஸ் என்று பெயரிட்டுக் கொண்டனர். நண்பன் கேட்டு நன்று என்றால் போதும். அதுவே அவர்களுக்குப் பரிசு.

காலப்போக்கில் நால்வரும் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்று வெவ்வேறு குழுக்களைத் தோற்றுவித்தாலும் நட்பு அறுபடவில்லை. ஷ்னைடர் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் குடியேறி, பிறருடைய பாடல்களைப் பதிவு செய்து தரும் கலையில் தேர்ந்தார். (இவர் பின்னாளில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று அத்துறையிலும் ஆய்வாளராக விளங்குவது தனிக்கதை.) மாங்கம் எங்கும் வேரூன்றாமல் ஊர் ஊராக அலைந்தார். நண்பர்கள் வீட்டில் கிடைத்த மூலையில் உறங்கினார். அவருடைய முதல் தொகுப்பான 'ஆன் ஏவரி ஐலண்ட்' 1996-இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம். வட கரோலினாவில் இசைக்கலைஞர்கள் இருவர் 1989-இல் தொடங்கியது அது. இவ்வாறு பெரு நிறுவனங்களின் தயவை நாடாமல் தனித்து இயங்குவோரின் இசையைத்தான் 'இண்டி' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

முதல் தொகுப்பு வெளிவந்தபின், மேடைகளில் பாடுவதற்கு ஒரு குழு தேவைப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் பிட்சாக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த ஸ்காட் ஸ்பில்லேன் எக்காள வகைக் கருவிகளை ஊத வந்தார். சிக்காகோவிலிருந்து ஜெரமி பார்ன்ஸ் மேளம் கொட்ட வந்தார். ஜூலியன் காஸ்டர் பேஞ்சோவும் அக்கார்டியனும் வாசித்ததோடு, மரம் அறுக்கும் ரம்பத்தை முழங்காலிடை வளைத்துப் பிடித்து, வயலின் வில்லால் மீட்டி, அழுகுரல் போன்றதோர் ஓசையை எழுப்பினார். ஒத்திகைக்கு இடம்? நியூயார்க்கில் காஸ்டருடைய பாட்டியின் வீடுதான்! பேரனையும் அவன் நண்பர்களையும் அவர்களுடைய இரைச்சலையும் பொறுத்துக்கொண்ட அந்த மூதாட்டியின் பொறுமையை விமர்சகர் எவரும் மதிப்பெண் இட்டுப் பாராட்டியதாகத் தெரியவில்லை.

கரகரப்பின் இலக்கணம்

1997-ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை, டென்வரில் ஒரு நண்பரின் வீட்டிலேயே அமைந்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டாம் தொகுப்பு உருவாயிற்று. பதிவுப் பொறுப்பு ஷ்னைடருடையது.

இவ்விசையை 'லோ-ஃபை' என்று வகைப்படுத்துவார்கள். முன்பு வானொலிப் பெட்டிகளிலும் இசைத்தட்டுக் கருவிகளிலும் 'ஹை-ஃபை' என்று பெருமையாகப் பொறித்திருப்பார்களே, அதற்கு நேர் எதிரான சொல் இது. பாடகரின் குரலும் கருவியின் நாதமும் மாசுமறுவின்றி ஒலிக்க வேண்டும் என்பது முன்னதன் இலட்சியம். பின்னதோ கரகரப்பையும், நாடாவின் இரைச்சலையும், நாற்காலியின் கிறீச்சொலியையும் அகற்றாமல் விட்டுவிடும். தொடக்கத்தில் இது வறுமையின் விளைவு. நல்ல கருவி வாங்க வழியற்றவர்கள் கிடைத்ததைக் கொண்டு பதிந்தார்கள். பிறகு அதுவே விருப்பத் தேர்வாகவும் ஆயிற்று. மிகையாக மெருகேற்றிய பாடல், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்போலக் கைக்கு எட்டாமற் போகிறது என்று கருதிய கலைஞர்கள், மெருகை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள்.

இத்தொகுப்பில் ஷ்னைடர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. கிட்டாருக்கு மிக அருகில் மைக்கை வைத்தார். கோவில் மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியை அதில் ஏறக்குறைய சேர்க்கவே இல்லை. அளவு காட்டும் முள் எல்லைக் கோட்டைத் தாண்டித் துடிக்கும் வரை ஒலியை ஏற்றினார். ஆகவே சாதாரண மரக் கிட்டாரே சில இடங்களில் நெருப்புப் பற்றியதுபோல் சீறுகிறது. ஆயினும் இதனைக் கவனக்குறைவான வேலை என்று எண்ணிவிடலாகாது. எக்காளங்களின் பகுதிகளை ஷ்னைடரும் ஸ்பில்லேனும் அமர்ந்து அமைத்தார்கள். அக்கார்டியன், ரம்பம், அயர்லாந்து நாட்டுத் துருத்திக் குழல், சிற்றலை வானொலியின் இரைச்சல் எல்லாம் தத்தம் இடமறிந்து வந்து போகின்றன. குரலே இல்லாத ஒரு துண்டு, சவ ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள் தளர்ந்த நடையில் ஊதிக்கொண்டு செல்வதுபோல் அமைந்துள்ளது. அதைக் கேட்கையில் நம் கால்களும் தாமாகவே மெல்ல நடை போடும்.

அவற்றுள் எட்டு நிமிடத்திற்கும் மேல் நீளும் 'ஓ கம்லி' என்ற பாடலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒலி அளவைச் சரிபார்ப்பதற்காகச் சற்றுப் பாடிக்காட்ட அமர்ந்த மாங்கம், நிறுத்தாமல் முழுப் பாடலையும் ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார். பாடல் முடிந்த நொடியில், உடனிருந்த நண்பர் ஒருவர் தம்மை மறந்து வியப்பினால் கத்திவிட்டார். (கத்திய சொல் நம் இதழில் அச்சிடத் தக்கதன்று.) அக்கத்தலையும் அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இத்தொகுப்பின் முதல் விமர்சனம் அதுவே என்று நான் சொல்வேன். அதன்பின் வந்த மதிப்பெண்களை எல்லாம் விட அது நேர்மையானதும்கூட.

ஒரு நாட்குறிப்பும் மூன்று நாள் அழுகையும்

இப்பாடல்களின் ஊற்று எது? மாங்கம் தாமே 'பங்க்ச்சர்' என்னும் இதழுக்கு அளித்த பேட்டியில் இதனைச் சொல்லியிருக்கிறார். ஒரு புத்தகக் கடையில் அன்னா ஃபிராங்கின் நாட்குறிப்பு அவர் கைக்கு வந்தது. பள்ளியில் பலர் படித்து மறந்துவிடும் நூல் அது. அவரோ அதுவரை படித்ததில்லை. இரண்டு நாள்களில் படித்து முடித்தார். பிறகு மூன்று நாள்கள் அழுதுகொண்டிருந்தார். காலத்தைக் கடந்து பின்னோக்கிச் செல்லும் ஒரு பொறி தம்மிடம் இருப்பதாகவும், அதில் ஏறிச் சென்று அச்சிறுமியைக் காப்பாற்றிவிடலாம் என்றும் இரவுதோறும் கனவு கண்டார்.

அன்னாவின் வரலாற்றை நம் வாசகர்களுள் பலர் அறிவார்கள். 1929 ஜூன் 12-ஆம் நாள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவள். நாசிகளுக்கு அஞ்சி ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பம் அது. 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, தந்தையின் தொழிலகத்துப் பின்கட்டில், புத்தக அலமாரியால் மறைக்கப்பட்ட வாயிலுக்குப் பின்னே, எட்டுப் பேர் ஒளிந்து வாழ்ந்தனர். காட்டிக்கொடுக்கப்பட்டோ வேறு எவ்வாறோ பிடிபட்டனர். 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் அக்காள் மார்கோட்டும், அவளைத் தொடர்ந்து அன்னாவும் நோயுற்று இறந்தனர். ஏப்ரல் 15-ஆம் நாள் அம்முகாம் விடுவிக்கப்பட்டது. சில வாரங்கள்! எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ ஃபிராங்க் ஒருவரே. உதவியாளர் மீப் கீஸ் பொறுக்கிச் சேர்த்துக் காத்து வைத்திருந்த தாள்களை அவர் 1947-இல் நூலாக வெளியிட்டார்.

ஹாலந்து என்றவுடன், அதே கோடையில் நிகழ்ந்த மற்றொன்றும் நம் நினைவுக்கு வராமற் போகாது. ஃபிராங்க் குடும்பம் ஒளிந்துகொண்ட சில நாள்களில், 1942 ஜூலை 26-ஆம் நாள், யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டிக்கும் ஆயர்களின் சுற்றுமடல் அந்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. நாசிகள் பழி தீர்த்தார்கள். ஆகஸ்ட் 2-ஆம் நாள், யூதராய்ப் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர்களைப் பிடித்துச் சென்றார்கள். எக்ட் நகரத்துக் கார்மேல் மடத்திலிருந்த எடித் ஸ்டைனும் அவர்தம் தமக்கை ரோசாவும் அவர்களுள் இருவர். ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவர்கள் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். எடித் ஸ்டைனைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதராக உயர்த்தியது 1998 அக்டோபர் 11-ஆம் நாள். இத்தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. எனினும், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் கோடையின் சாம்பல் ஆறவில்லை என்பதற்கு இரு திசைகளிலிருந்து வந்த சான்றுகள் இவை.

மாங்கமின் பாடல்களில் அன்னாவின் கதை வரிசையாகச் சொல்லப்படவில்லை. ஒரு பாடலின் தலைப்பே 'ஹாலந்து, 1945'. இன்னொன்றில் அவள் பிறந்த ஆண்டு தோன்றி மறைகிறது. தலைப்புப் பாடலில் அவள் பெயர் ஒருமுறை ஒலிக்கிறது. மற்றபடி கனவில் காண்பதுபோலக் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்கின்றன. இறந்தவள் மீண்டும் வேறொரு குழந்தையாய்ப் பிறந்திருப்பாளோ என்று ஏங்குகிறார். தாம் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே இறந்துபோன ஒருத்தியை, இன்று காலை இழந்தவர்போல் தேடுகிறார்.

இங்கே ஒரு நெருடலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்னா கற்பனைப் பாத்திரமல்லள். பெற்றோரும் உற்றாரும் உடைய, பதினைந்து வயதில் மாண்ட ஒரு பெண். அந்நியர் ஒருவர் அவளைத் தம் கனவின் காதலிபோல் பாவித்துப் பாடுவது முறையா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. தொகுப்பில் உடலுறவைக் குறிக்கும் வெளிப்படையான சொற்களும் உண்டு. குடும்பத்தார் கூடியிருக்கும் கூடத்தில் முழுவதையும் ஒலிக்கவிட நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அவளுடைய துன்பத்தை வைத்து அவர் வாணிகம் செய்தார் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்காது. அந்தக் குரலைக் கேட்டவர் எவரும் அதைச் சொல்லமாட்டார். சுருதி பிசகியும், அடித்தொண்டை கிழிந்தும் வெளிவரும் குரல் அது.

திருப்பெயரைக் கூவி

முதற்பாடல் ஒரு வீட்டின் காட்சி. பெற்றோர் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்டும் குடித்துச் சீரழிந்தும் கிடக்க, ஓர் அறையில் இரு இளையோர் தங்களுக்கென ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். இப்பாடல் முடிந்தவுடன், இடைவெளியே இல்லாமல், பேஞ்சோவின் மெல்லிய அதிர்வின்மேல் ஒரு குரல் எழுகிறது. இயேசு கிறிஸ்துவைப் பெயர் சொல்லி அழைத்து, உம்மை நேசிக்கிறேன் என்று நீட்டி முழங்குகிறது.

இதைக் கேட்ட அந்நாட்டு இளைஞர்கள் திகைத்தார்கள். அவர்கள் கேட்டுப் பழகிய இசையுலகில் இயேசுவின் பெயர் கேலிக்கோ வசைக்கோ பயன்படுமேயன்றி, அன்பின் அழைப்பாக வருவதில்லை. பாடகர் நையாண்டி செய்கிறார் என்றனர் சிலர். மதப்பிரசாரமோ என்று ஐயுற்றனர் வேறு சிலர். இக்குழப்பத்தை எதிர்பார்த்தே மாங்கம், தொகுப்போடு இணைத்த தாளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பாடியதை உண்மையாகவே பாடினேன் என்றார். அதே மூச்சில், இத்தொகுப்பின் அடிக்கருத்து எந்த ஒரு சமயத்தையும் சார்ந்ததன்று என்றும், எல்லாப் பொருள்களிலும் அழியாத வெண்ணொளி ஒன்று உறைகிறது என்பதே தம் நம்பிக்கை என்றும் விளக்கினார்.

ஆகவே நாம் அவசரப்பட்டு அவரை நம்மவராக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அவர் சொன்ன எல்லையை மதிப்பதே நேர்மை. ஆனால் அந்தக் கூவலின் இடம் எதுவென்று பாருங்கள்! பிளவுண்ட வீட்டுக்கும், சிறை முகாமில் மாண்ட சிறுமிக்கும் நடுவே அது எழுகிறது. இளமையில் அவர் சென்றுவந்த கிறிஸ்தவ முகாம்களில், ஐயம், இறைமறுப்பு உட்பட எதையும் ஒளிக்காமல் பேசலாம் என்ற சூழல் இருந்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். திருப்பாடல் நூலில் புலம்பலும் புகழ்ச்சியும் ஒரே பாடலுக்குள் தோள் உரசி நிற்பதைக் கண்டு பழகிய நமக்கு, அந்த இளைஞர்களின் அளவுக்குத் திகைப்பு ஏற்படாது.

விமர்சகர்களின் தராசு

தொகுப்பு வெளிவந்தபோது நிறுவனம் பெரிய கனவு ஏதும் காணவில்லை. முதலில் அச்சிட்டவை சுமார் 5,500 குறுந்தட்டுகளும் 1,600 எல்.பி. இசைத்தட்டுகளுமே. மதிப்புரைகள் பெரும்பாலும் நல்லவை. ஆயினும் நூற்றாண்டின் பெரும் படைப்பு என்று எவரும் பறைசாற்றவில்லை. புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன் இதழ் ஐந்துக்கு மூன்று விண்மீன்களே அளித்தது. இதன் நாட்டுப்புற வசீகரத்தில் ஏற்கெனவே மயங்காதவர்களுக்கு இது சோகை பிடித்த பகற்கனவாகவே படும் என்பது அதன் விமர்சகரின் கருத்து.

அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. முதன்முறை கேட்கும் எவருக்கும் அப்படித் தோன்றலாம். பாடகர் குரலைப் பண்படுத்திக் கொண்டவரல்லர். நாண்கள் மூன்று நான்குக்கு மேல் போவதில்லை. வரிகளோ விடுகதைகள். ஐந்து நிமிடம் கேட்டு எழுந்து போய்விடுபவரை நாம் செவிடர் என்று ஏசமுடியாது.

பிறகு நிகழ்ந்ததுதான் விந்தை. விளம்பரமோ வானொலியோ தராத புகழை, கேட்டவர் வாய்மொழி தந்தது. ஒருவர் மற்றவருக்கு இரவல் கொடுத்தார். கல்லூரி விடுதியில் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சென்றது. பிட்ச்ஃபோர்க் இதழ் 1999-இல் 90-களின் சிறந்த தொகுப்புகளை வரிசைப்படுத்தியபோது இதற்கு 85-ஆம் இடம். 2003-இல் அதே இதழ் அதே பத்தாண்டுகளை மீண்டும் வரிசைப்படுத்தியபோது 4-ஆம் இடம்! 'மேக்னெட்' இதழ் 1993 முதல் 2003 வரையிலான காலத்தின் மிகச் சிறந்த தொகுப்பு என்று இதனையே தேர்ந்தது. 2005-இல் கிம் கூப்பர் என்ற எழுத்தாளர் இதன் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். வெளிவந்து பத்தாண்டு கழிந்தபின், 2008-இல், அமெரிக்காவில் மிகுதியாக விற்ற எல்.பி. இசைத்தட்டுகளின் வரிசையில் இது ஆறாம் இடத்தில் நின்றது. பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஆர்கேட் ஃபயர் குழுவினர், மெர்ஜ் நிறுவனத்தை நாடியதற்கு இத்தொகுப்பும் ஒரு காரணம் என்றனர். அக்குழு அந்நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட தொகுப்பொன்று 2011-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையே பெற்றது.

எட்டரைக்குச் சற்று மேலிருந்து பத்துக்கு, 85-இலிருந்து நான்குக்கு. இவ்வெண்கள் இசைத்தட்டை அளந்தவையா, அல்லது ஊரார் பேச்சை அளந்தவையா? இரண்டையும்தான் என்று எனக்குப் படுகிறது. சில படைப்புகள் மெல்லத்தான் திறக்கும். பலமுறை கேட்டவரே அவற்றை எடைபோட முடியும். வெளியீட்டு நாளுக்கு முன் எழுதி அனுப்பவேண்டிய விமர்சகருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆனால் பத்துக்குப் பத்து வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பாடியவர் காணாமற் போயிருந்தார். காணாமற் போனவரைப் பற்றிய கதை, பாடலோடு சேர்ந்து ஒலிக்கத் தொடங்கியிருந்தது.

மௌனம்

1998-ஆம் ஆண்டு முழுவதும் குழு ஊர் ஊராகச் சென்று பாடிற்று. கூட்டம் பெருகப் பெருக மாங்கம் சுருங்கிப்போனார். பாடல்களின் பொருளென்ன என்று பேட்டி காண்போர் குடைந்தனர். இரசிகர்கள் அவரை ஞானியாக்கினர். 1999-க்குள் எல்லாம் நின்றுவிட்டது. மூன்றாம் தொகுப்பு வரும் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இன்றுவரை அது வரவில்லை.

ஏன் என்பதற்கு அவர் 2002-இல் ஒரு பேட்டியில் விடை சொன்னார். நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து தங்கள் கனவுகளை நனவாக்கிக்கொண்டால், பிறகு இன்பமாக வாழலாம் என்று அவர் நம்பியிருந்தாராம். கனவுகள் பலவும் நனவாகிவிட்டன. அப்போதும் தம்மைச் சூழ்ந்திருந்த நண்பர்கள் பெரும் வேதனையில் இருப்பதைக் கண்டார். இத்தனைத் துன்பத்திலிருந்தும் பாடிப் பாடியே வெளியேறிவிட முடியாது என்பது அவருக்கு உறைத்தது.

இதைப் படித்தபின் அந்தத் தொகுப்பைத் திரும்பக் கேட்டால் நெஞ்சம் கனக்கிறது. காலப்பொறியில் ஏறிச் சென்று ஒரு சிறுமியைக் காப்பாற்றக் கனவு கண்டவர் அல்லரோ அவர்! அரை நூற்றாண்டுக்கு அப்பாலிருந்த அவளை மட்டுமன்று, அடுத்த அறையில் இருந்தவர்களையும் பாட்டினால் காப்பாற்ற இயலவில்லை. இந்த உண்மை தெரிந்தபின் மேடையேறிக் கைதட்டல் பெறுவது அவருக்குப் பொருந்தவில்லை.

வாளாவிருந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டு பல்கேரியா நாட்டுக் கொப்ரிவ்ஷ்டிட்சா என்னும் ஊரில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் நாட்டுப்புற இசை விழாவுக்கு ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்றார். அங்கே கூடிய கிராமத்துப் பாடகர்களின் குரல்களைப் பதிவு செய்து கொண்டுவந்து வெளியிட்டார். அதில் அவர் குரல் இல்லை; பிறர் பாட, அவர் கேட்டார்.

ஆனால் இரசிகர் கூட்டம் விடவில்லை. 2003-இல் அட்லாண்டா நகரத்து வார இதழ் ஒன்றின் செய்தியாளர் அவரைத் தேடி உற்றார் உறவினரையெல்லாம் விசாரிக்கலானார். அவருக்கு மாங்கமிடமிருந்து சுருக்கமான மடல் ஒன்று வந்தது. தாம் ஒரு கருத்து அல்ல, ஒரு மனிதன் என்றும், தனித்து விடப்படவே விரும்புவது வெளிப்படை என்றும் அதில் கண்டிருந்தது. 2008-இல் இன்னொரு இதழ் அவரை, புகழை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்த நாவலாசிரியர் சாலிஞ்சரோடு ஒப்பிட்டு எழுதிற்று. பாராட்டும் ஓர் அளவைக் கடந்தால் துரத்தலாகிவிடுகிறது. பத்துக்குப் பத்து இட்டவர்கள் இதை எண்ணிப்பார்த்திருப்பார்களா?

அவர் மீண்டும் மக்கள் முன் தோன்றியது எவ்வாறு தெரியுமா? நியூசிலாந்து நாட்டு இசைக்கலைஞர் கிறிஸ் நாக்ஸ் 2009-இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். அவருடைய மருத்துவச் செலவுக்கு நிதி திரட்ட 2010 மே மாதம் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதில் மாங்கம் கிட்டாரோடு வந்து அமர்ந்து சில பாடல்கள் பாடினார். நோயுற்ற ஒரு தோழரின் பொருட்டு அவருடைய மௌனம் கலைந்தது. 2011 அக்டோபரில், நியூயார்க் சூக்கோட்டிப் பூங்காவில் செல்வ ஏற்றத்தாழ்வை எதிர்த்துத் தங்கியிருந்த மக்களின் நடுவே சென்று பாடினார். 2013 முதல் 2015 வரை பழைய குழு ஒன்றுகூடிப் பல நாடுகளில் பாடியது. அந்நிகழ்ச்சிகளில் படம் எடுக்க வேண்டா என்று வாயிலிலேயே அறிவிப்பு வைத்திருந்தார்கள். கைபேசியை உயர்த்திப் பிடிக்காமல் வெறும் காதும் கண்ணுமாக நின்ற கூட்டம், அவரோடு சேர்ந்து ஒவ்வொரு வரியையும் பாடியது. 1998-இல் பாலர் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த பலர் அக்கூட்டத்தில் இருந்தனர்.

ரஸ்டன் நகரத்து நால்வரில் பில் டாஸ் 2012-இல் காலமானார். நரம்பு மண்டல நோயோடு பல்லாண்டு போராடிய வில் கல்லன் ஹார்ட் 2024 நவம்பரில் மறைந்தார். இருவரின் குரலும் அந்தப் பழைய ஒலிநாடாக்களில் இரைச்சலோடு சேர்ந்து இருக்கிறது.

தொகுப்பின் கடைசிப் பாடலைக் கேட்பவர்கள், பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்திவிடலாகாது. மேளமில்லை, எக்காளமில்லை, குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமே. இறந்தவளிடம் விடைபெறுவதுபோல் குரல் தாழ்ந்து ஓய்கிறது. சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கிட்டாரைக் கீழே வைக்கும் ஓசை. நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நடந்து செல்லும் அரவம். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.